ஃபின்ச் குருவி வளர்ப்பு: வாங்கும் முன் ஒரு கணக்கு



ஒர்க்‌ஷாப், டிராயிங் ஷீட், அரியர்ஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேண்டும். சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்கு சினிமா. எனக்கு ஃபின்ச் குருவி. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நாலு வருஷமாக வளர்த்து வருகிறேன். "ஒரு ஜோடி என்ன விலைடா?" என்று கேட்கும் நண்பர்கள் நிறைய. விலை பெரிய விஷயமே இல்லை. வாங்கிய பிறகு என்ன என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த வரையில் அதை இங்கே சொல்கிறேன்.

எதை வளர்க்கலாம்?

நம்ம ஊர் வயல்களில் கூட்டமாக வரும் சில்லைக் குருவிகளும் இந்த ஃபின்ச்சின் உறவுக்காரர்கள்தான். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அந்தச் சில்லைகளுக்கே பச்சை, மஞ்சள் சாயம் பூசி, "ஃபாரின் பறவை" என்று விற்பவர்களும் உண்டு. சாயத்தைப் பற்றிக் காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? இறகு உதிர்ந்து புதிது முளைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஏமாற வேண்டாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இரண்டு வகை போதும்.

1. ஜீப்ரா ஃபின்ச்: ஆஸ்திரேலியப் பறவை. நீளம் சுமார் 10 செ.மீ., எடை சுமார் 12 கிராம். அந்த நாடு 1960-லேயே தன் பறவைகளின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கடையில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை.

2. பெங்காலிஸ் ஃபின்ச்: பெயரில்தான் வங்காளம். சீனாவிலிருந்து வந்த வெண்முதுகுச் சில்லையை ஜப்பானியர் வளர்த்து வளர்த்து உருவாக்கிய பறவை இது. அடுத்த குருவியின் முட்டையைக்கூட அடைகாத்துக் குஞ்சை வளர்த்துவிடும். அவ்வளவு நல்ல குணம்!

ஜாவா குருவி போன்றவை சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. 2024-ல் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

கூண்டு

இக்குருவிகள் ஹெலிகாப்டர் மாதிரி நேராக மேலே எழும்புவதில்லை. பக்கவாட்டில்தான் பறக்கும். அதனால் உயரத்தைவிட நீளமே முக்கியம். ஒரு ஜோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். வலைக் கண் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது.

நாமே வெல்டு மெஷ் வாங்கிச் செய்துவிடலாம், நமக்கு அது ஒரு ஜாப் மாதிரிதான். ஆனால் புது ஜி.ஐ. மெஷ்ஷில் துத்தநாகப் பூச்சு பொடியாக நிற்கும். அதைக் கொத்தினால் குருவிக்கு விஷம். வினிகர் தொட்டு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, காயவைத்த பிறகே குருவியை விட வேண்டும்.

சித்திரை வெயிலில் ஷீட் போட்ட கூரைக்குக் கீழே கூண்டைத் தொங்கவிட வேண்டாம். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். காற்றோட்டமான நிழலில் வைத்து, குளிக்க ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள்.

தீனி

தினை, சாமை, பனிவரகு கலந்து வைக்கலாம். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஃபின்ச் உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். உள்ளே ஒரு மணி தானியம் இருக்காது! தினமும் ஊதிப் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும். தண்ணீரையும் தினமும் மாற்ற வேண்டும்.

கணவாய் ஓடு கட்டாயம். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும், உயிரே போய்விடும். குஞ்சு இருக்கும்போது அவித்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடவும்.

இனப்பெருக்கம்

ஜீப்ராவில் ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு நிறம், நெஞ்சில் கோடுகள். பெட்டைக்கு அவை கிடையாது. ஒரு சிறு மண் கலயம் கட்டினால் போதும். தினம் ஒன்றாக நாலு முதல் ஆறு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும். மூன்று வாரத்தில் குஞ்சு கலயத்தை விட்டு வெளியே வரும். தானாகத் தின்னப் பழக இன்னும் இரண்டு, மூன்று வாரம் ஆகும்.

ஆண் குஞ்சு அப்பாவின் பாட்டைக் கேட்டுத்தான் பாடக் கற்கிறது. மூளை எப்படிக் கற்கிறது என்பதை ஆராய விஞ்ஞானிகள் இக்குருவியை எடுத்துக்கொண்டது இதனால்தான். 2010-ல் இதன் மரபணுத் தொகுப்பே வெளியானது. கோழிக்கு அடுத்து, பறவைகளில் அது இரண்டாவது. ஆகவே மூன்று மாதம் வரை ஆண் குஞ்சை அப்பாவிடமிருந்து பிரிக்காதீர்கள்.

கூடு கட்ட என்ன கொடுப்பது? இங்கேதான் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. தறி வீடுகளில் பட்டு நூல் கழிவு கை நிறையக் கிடைக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதை அழகாகக் கூண்டில் போட்டுவைத்தார்கள். குருவியும் ஆசையாகக் கூடு கட்டியது. நூல் ஒரு குஞ்சின் காலில் சுற்றி இறுகி, ரத்த ஓட்டம் நின்று, பாதம் கருத்து விழுந்தேவிட்டது. முறுக்கேற்றிய பட்டு அறாது. சேலைக்கு அது பெருமை, 12 கிராம் குருவிக்கு அது சுருக்குக் கயிறு. தேங்காய் நாரை இரண்டு அங்குலமாக வெட்டிக் கொடுங்கள். காய்ந்த புல்லும் போதும்.

அந்தக் கணக்கு

ஒரு ஜோடி, வருஷத்துக்கு மூன்று அடை, அடைக்கு நாலு குஞ்சு என்று வைத்தால் 12. அவையும் ஜோடி சேர்ந்தால் பழைய ஜோடியோடு ஏழு ஜோடி. அடுத்த வருஷம் 84 குஞ்சு! இடம் எங்கே, தீனிக்குக் காசு எங்கே?

வறண்ட ஆஸ்திரேலியாவில் மழை பெய்து புல் விதை கிடைக்கும்போது ஜீப்ரா முட்டையிடும். கூண்டில் தீனி எப்போதும் இருப்பதால் நிறுத்தவே நிறுத்தாது, பெட்டை உருக்குலைந்து போகும். ஆகவே இரண்டு, மூன்று அடை முடிந்ததும் கலயத்தை எடுத்துவிட்டுச் சில மாதம் ஓய்வு கொடுங்கள். அண்ணன் தங்கையை ஜோடி சேர்க்காதீர்கள். பெட்டைக்கு ஆறு மாதமாவது ஆகட்டும்.

உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால் அது நோய். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குக் குருவி இருக்காது. தனியாக, வெதுவெதுப்பாக வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

முடிவுரை

நம் டிப்ளமோ மூன்று வருஷம். நன்றாகக் கவனித்தால் ஜீப்ரா ஐந்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். படிப்பு முடிந்து ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போகும்போது கூண்டை யார் பார்ப்பது? அம்மா தலையில் கட்டப் போகிறோமா? "திறந்து விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று நினைக்க வேண்டாம். கூண்டிலேயே பிறந்த குருவிக்குக் காக்கையையும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போங்கள். பதில் இல்லையென்றால் மாடியில் ஒரு தட்டில் தண்ணீரும் கொஞ்சம் தினையும் வையுங்கள், சிட்டும் சில்லையும் தானே வரும். அதற்குக் கூண்டும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.