உருகும் பனியும் மருட்கைச் சுவையும்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைக் கலைஞன் எங்ஙனம் காட்டுவான்? பருவநிலை மாற்றம் குறித்து அறிக்கைகள் பெருகியுள்ளன. ஆயினும், காற்றில் கரியமில வாயு மிகுவதையோ, கடல்மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதையோ நாம் கண்ணால் உணர்வதில்லை. இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்ட திறந்தவெளிக் கலைப்படைப்பு ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாநாடு பாரிசு நகரில் கூடியது. அவ்வேளையில் அந்நகரின் பாந்தியன் சதுக்கத்தில் 12 பனிப்பாறைகள், கடிகார முகத்தின் எண்களைப் போல வட்டமாக நிறுத்தப்பட்டன. கலைஞர் ஒலாஃபுர் எலியாசனும் நிலவியல் அறிஞர் மினிக் ரோசிங்கும் அமைத்த அப்படைப்பின் பெயர் 'ஐஸ் வாட்ச்'. கடிகாரம் என்றும், விழித்திருந்து நோக்குதல் என்றும் இருபொருள் தரும் பெயர் அது. ஏறத்தாழ 80 டன் எடையுள்ள அப்பனி, கிரீன்லாந்தின் பெரும்பனிப் பரப்பிலிருந்து முன்பே உடைந்து, நூக் நகரையொட்டிய கடற்பகுதியில் மிதந்துகொண்டிருந்ததாகும்.

மக்கள் அதனைத் தொட்டனர், தழுவினர், செவி வைத்துக் கேட்டனர். பன்னெடுங்காலத்திற்கு முன் பனிக்குள் அடைபட்ட காற்றுக்குமிழ்கள் வெடிக்கும் மெல்லொலி கேட்டது. அச்சத்தையும் மருட்கையையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வகுத்த தொல்காப்பியர், மருட்கை பிறக்கும் நிலைக்களன்களுள் புதுமையையும் பெருமையையும் வைத்தார். இவ்விரண்டும் அச்சதுக்கத்தில் ஒருங்கே இருந்தன. நகரங்கள் நீரில் மூழ்குவதாகத் தீட்டப்படும் ஓவியங்கள் அச்சத்தை எழுப்புகின்றன. அஞ்சியவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வியந்தவனோ அருகே செல்கிறான். இப்படைப்பின் வலிமை இதுவே என்பது எம் துணிபு.

மாணவர் ஓர் ஐயம் எழுப்பலாம்: சதுக்கத்தில் உருகிய நீரால் கடல் உயர்ந்ததா? இல்லை. மிதக்கும் பனி தன் எடைக்கு நிகரான நீரை முன்னரே விலக்கி நிற்கிறது. ஆர்க்கிமிடீசு விதியைப் பள்ளியிலேயே பயின்றுள்ளோம். நிலத்தைவிட்டுப் பனி கடலில் விழும்போதே மட்டம் உயர்ந்துவிடுகிறது. ஆதலின் அஞ்சத்தக்கது மிதக்கும் பனியன்று, கிரீன்லாந்தின் நிலத்தின்மீது இன்னும் கிடக்கும் பனியே. அது முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும்.

இதனினும் கடுமையான வினா ஒன்றுண்டு. இத்துணைப் பனியைக் கப்பலிலும் லாரியிலும் கொணர்ந்தமையால் வெளியான கரியமில வாயு எவ்வளவு? அமைத்தோர் அதனையும் கணக்கிட்டு வெளியிட்டனர்: ஏறத்தாழ 30 டன். 30 பேர் பாரிசிலிருந்து கிரீன்லாந்துக்கு விமானத்தில் சென்று திரும்புவதற்கு இது நிகராம். சிறிய அளவு என்று இதனைத் தள்ளிவிட இயலாது. எனினும், கணக்கை மறையாது மக்கள் முன் வைத்த நேர்மையைப் படைப்பின் ஓர் உறுப்பாகவே கொள்கிறோம். சுற்றுச்சூழல் விழாவென்று பிளாஸ்டிக் பதாகைகளை நிரப்புவோர் இத்தகைய கணக்கைப் பார்ப்பதுண்டா?

2014-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய இம்முயற்சி, 2018 டிசம்பரில் இலண்டனை அடைந்தது. தேம்சு ஆற்றங்கரையிலுள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் முன்னே 24 பாறைகள் வைக்கப்பட்டன. கலைக்கூடத்தினுள் எடுத்துப் பேணுவதற்கு அவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை.