மேலணையும் கீழ்மின் நிலையமும்

கும்பக்கரை அருவிக்கு மேலே, கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையிலுள்ள வெள்ளகவிக் குடியானவருக்கு, மலைச்சரிவில் இறங்கும் ஜலத்தின் வேகம் நன்கு தெரிந்ததே. நீரின் அளவும் அது விழும் உயரமும் சேர்ந்தே மின்சாரத்தின் அளவை நிர்ணயிக்கின்றன. ஆற்றின் மேற்பகுதியில் ஓர் அணை கட்டப்படின், கீழுள்ள மின் நிலையத்துக்கு லாபமா நஷ்டமா என்பது, அவ்வணை நீரைத் தேக்கி அதே ஆற்றில் விடுகிறதா, வேறு திசைக்குத் திருப்புகிறதா என்பதைப் பொறுத்தது.

தேக்கி விடும் அணை மழைக்கால வெள்ளத்தைக் கோடைக்கு உதவச் செய்யும், வண்டலையும் தடுக்கும். திருப்பும் அணையின் கதை வேறு. பழனி மலைக்குத் தென்மேற்கேயுள்ள பெரியாற்று அணையே இதற்குத் தக்க உதாரணம்.

1886ஆம் வருஷத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானம் 999 வருஷக் குத்தகைக்கு இசைந்தது. 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே பாய்ந்து வைகையை அடைகிறது. அதே ஆற்றில் கீழே, 1976இல் இடுக்கி மின் திட்டம் இயங்கலாயிற்று. அங்குத் தேங்கும் நீர் மூலமற்றத்தில் சுமார் 660 மீட்டர் இறங்குகிறது. ஒரு கன மீட்டர் நீர் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் தரும். தமிழ்நாட்டின் லோயர் கேம்ப் நிலையத்தில் இறக்கம் அதிற் பாதியளவே. ஆதலால் அதே நீர் ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே தரும். கேரளத்தார் கூறும் நஷ்டம் இவ்வாறு பிறப்பதே.

ஆயினும் மின்சாரத்தை மட்டும் எண்ணுவது அரைக்கணக்கு. லோயர் கேம்பை விட்ட நீர் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவித்து, வைகை அணையின் சிறு நிலையத்திலும் சக்கரம் சுழற்றுகிறது. மூலமற்றத்து நீரும் வீணன்று; மலங்கரை அணையில் மறுபடி பயன்படுகிறது.

1970ஆம் வருஷ உடன்படிக்கைப்படி, தமிழ்நாடு உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் 8,760 யூனிட்டுக்கு 12 ரூபாய் வீதம் கேரளத்துக்குச் செலுத்த வேண்டும். யூனிட்டுக்கு ஒரு பைசாவில் ஏழிலொரு பங்கும் தேறாது. இது சொற்பமே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இடுக்கித் திட்டம் வகுக்கப்பட்டபோது, அந்நீர் கிழக்கே போவது நெடுநாள் வழக்கமாயிருந்ததும் கவனிக்கத்தக்கது.

பெருவெள்ளத்தில் கணக்கே மாறிவிடும். 2018 ஆகஸ்டில் இடுக்கி நிரம்பி, 26 வருஷங்களுக்குப்பின் மதகுகள் திறக்கப்பட்டன. மதகுவழிப் போகும் நீர் ஒரு யூனிட்டும் தராது; அக்காலத்தில் மேலணையிலிருந்து வரும் மிகுநீர் கீழ்நிலையத்துக்குச் சுமையேயன்றி லாபமன்று.

மின் நிலையம் நீரைக் குடித்துவிடுகிறது என்று பாசனதாரர் சிலர் நினைப்பதுண்டு. சக்கரத்தைச் சுழற்றிய நீர் ஒரு படியும் குறையாமல் வாய்க்காலுக்கு வரும். லோயர் கேம்ப் நிலையம் பெரும்பாலும் பாசனத்துக்கு விடும் நீரைக்கொண்டே ஓடுவதால், அணையில் நீர் சுருங்கும் வருஷத்தில் கம்பத்து வயலுக்கும் அந்நிலையத்துக்கும் ஒருங்கே குறைவு நேரும்.