இளம் தாய்க்கு இளம் தாய் வழிகாட்ட முடியாதா?

ஜொகூரின் மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளில் குறைந்த வருமானத்தோடு பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கு உதவ வேண்டும் என்றதும், மருத்துவரையோ ஆலோசகரையோ அழைத்து ஒரு நாள் கருத்தரங்கு வைக்கலாம் என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். அந்தத் தாய்மார்களில் ஒருவரே குழுவை நடத்தட்டும் என்றால் தயக்கம் வந்துவிடுகிறது. எஸ்.பி.எம். தேர்வைக்கூட முடிக்காத, தன் சிக்கலையே தீர்க்க முடியாத பெண் பிறருக்கு என்ன சொல்லிவிடப் போகிறார் என்பது பரவலான நம்பிக்கை. இதை நான் ஏற்கவில்லை. ஏற்காததற்குச் சான்றும் உண்டு.

இந்தியாவின் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் 'ஏக்ஜுட்' அமைப்பு பெண்கள் குழுக்களை நடத்தியது. நடத்தியவர்கள் தாதியர் அல்லர். அந்தந்த வட்டாரத்துப் பெண்கள், பயிற்சி பெற்றவர்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள். பட அட்டைகளைத் தரையில் பரப்பி, தங்கள் ஊரில் பிரசவத்தின்போது என்ன தவறுகிறது என்று பேசுவார்கள். எதை முதலில் சரிசெய்வது என்று தாங்களே முடிவெடுப்பார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தை இறப்பது, குழுக்கள் இல்லாத பகுதிகளைவிட அங்கே மூன்றாண்டுகளில் 32 விழுக்காடு குறைவாக இருந்தது. 2010இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு இது. 2013இல் இந்தியா, நேப்பாளம், வங்காளதேசம், மலாவி நாடுகளின் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் குறைந்தது 30 விழுக்காட்டினர் குழுவுக்கு வந்த இடங்களில் பச்சிளம் சிசு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வங்காளதேசத்தின் முதல் முயற்சியில் பலன் தெரியவில்லை. அங்கே மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் குழுக்கள் இல்லை. பிறகு எண்ணிக்கையைக் கூட்டியதும் பலன் தெரிந்தது. பெயரளவுக்கு நாலு குழு வைத்துவிட்டுப் பலனில்லை என்று கைகழுவுவது நியாயமாகாது.

ஜொகூர் ஜார்க்கண்ட் அல்ல, இங்கே கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது, தாதி வீடு தேடி வருகிறார் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தாதி பார்ப்பது காயம் ஆறியதா, குழந்தை எடை ஏறியதா என்பதைத்தான். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில் பாட்டி, சித்தி யாரும் பக்கத்தில் இல்லாமல், கணவர் ஷிப்டு வேலையில் இருக்க, கதவைச் சாத்திக்கொண்டு தனியே அழும் பெண்ணுக்குத் தாதி வந்துபோகும் சில நிமிடங்கள் போதா. கோவாவில் மனச்சோர்வு கொண்ட 280 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில், அதே ஊர்த் தாய்மார்கள் பயிற்சி பெற்று வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். அவர்கள் பேசிய பெண்களில் குணமடைந்தோர் மற்றவர்களைவிட அதிகம். பாகிஸ்தானில் இதே முறை எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இது மந்திரம் அல்ல. பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் தேவைப்படும் வேலை.

பெண்கள் கூடினால் வம்பு வளரும், ரகசியம் தங்காது என்பார்கள். ஒழுங்கில்லாத கூட்டத்தில் அது நடக்கவே செய்யும். ஆனால் ஒழுங்கைப் பயிற்சியால் கொண்டுவர முடியும். தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊக்குநரையும் பிரதிநிதியையும் தாங்களே தேர்ந்தெடுத்தன. வரவு செலவு எழுதவும் கூட்டம் நடத்தவும் அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. தலைமை அந்தப் பயிற்சியில் வளர்ந்தது. நம் மலேசியாவிலும் 1987இல் தொடங்கிய அமானா இக்தியார் அமைப்பு, ஏழைப் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தே கடன் கொடுத்து வந்திருக்கிறது. பணத்துக்கு அவர்களை நம்ப முடிகிறது. பிள்ளை வளர்ப்புக்கு நம்பக்கூடாதா?

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு: தாய்மார்களே செய்வதால் செலவில்லை, தொண்டாகவே செய்வார்கள் என்பது. எனக்கு இதுதான் அதிக ஆபத்தாகத் தெரிகிறது. பஸ் காசும், கூட்ட நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஆளும், மாதச் சம்பளமும் இல்லாமல் ஏழைப் பெண்ணிடம் உழைப்பைக் கேட்பது சுரண்டல். குழுத்தலைவி மருத்துவருக்கு மாற்றும் அல்லர். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சோ வீட்டில் அடி உதையோ காதில் விழுந்தால் அதே நாளில் யாரிடம் சொல்வது என்பது அவருக்குப் பயிற்சியின் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் அழைத்தால் எடுக்க ஒரு தாதியும் இருக்க வேண்டும்.