ஜீப்பும் டீசல் எஞ்சினும் – ஒரு சிக்கனக் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஜீப்புக்கு என்றும் வேலை உண்டு. பச்சைமலைச் சரிவுகளில் ஏறவும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் புழுதிப் பாதையில் ஓடவும், செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை வயலிலிருந்து தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கவும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியே ஏற்றது. ஆனால் பழைய பெட்ரோல் ஜீப், சம்பாதித்ததில் பாதியைத் தானே குடித்துவிடும் என்பதை அதை வைத்திருப்போர் நன்கறிவர். ஆதலால், "பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினால் என்ன?" என்ற கேள்வி பட்டறைகளில் நெடுங்காலமாகவே எழுந்து வருகிறது.

எங்கள் வீட்டிலும் அக்கேள்வி எழுந்தது. அப்பாவின் ஜீப்பை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. என் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்தே வருகிறது. விடுமுறை நாட்களில் பெரம்பலூரில் எங்கள் மாமாவின் பட்டறையில் நின்று கண்டவற்றையும், வகுப்பில் கற்ற வெப்ப இயக்கவியலையும் சேர்த்துப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

ஜீப்பில் டீசல் வந்த வரலாறு

மகிந்திரா நிறுவனம் 1947ஆம் ஆண்டில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் நம் நாட்டில் பெருவாரியாக ஓடிய ஜீப்புகளில் 'ஹரிக்கேன்' எனப்பட்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 2.2 லிட்டர்.

1973ஆம் ஆண்டின் அரபு–இஸ்ரேல் போரையொட்டிக் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களிலேயே ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் வண்டி வைத்திருந்தோர் டீசல் பக்கம் திரும்பினர். மகிந்திராவே முதலில் தன் டிராக்டர் குடும்பத்து டீசல் எஞ்சினையும், 1980களில் 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சினையும் ஜீப்பில் பொருத்தியது. சென்னை செம்பியத்திலுள்ள சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் உரிமத்தின்கீழ் செய்த எஞ்சின்களும், மேட்டடோர் வேன்களின் எஞ்சின்களும் பட்டறைகளின் வழியே பழைய ஜீப்புகளுக்குள் புகுந்தன. தொழிற்சாலை செய்ததைப் பட்டறையும் செய்து பார்த்தது எனலாம்.

டீசல் ஏன் குறைவாகக் குடிக்கிறது?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அழுத்த விகிதம். பழைய ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினில் இது ஏறத்தாழ 7. இதனை மிகுதியாக உயர்த்தினால் கலவை தானே வெடித்து 'நாக்கிங்' உண்டாகும். டீசல் எஞ்சினிலோ காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது. ஆகவே விகிதம் 20 வரையிலும் போகலாம். 27 பாகை செல்சியசில் உள்ள காற்றை இருபதில் ஒரு பங்காக வெப்பம் வெளியேறாமல் சுருக்கினால், கோட்பாட்டளவில் அது 700 பாகையைத் தாண்டும். உண்மை எஞ்சினில் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதால் இது குறையும். எனினும் டீசல் தானே தீப்பற்ற ஏறத்தாழ 210 பாகையே போதுமாதலால் ஸ்பார்க் பிளக் தேவையில்லை. விகிதம் 7 உள்ள ஆட்டோ சுழற்சியின் கோட்பாட்டுத் திறன் 54 விழுக்காடு. விகிதம் 20, வெட்டு விகிதம் 2 உள்ள டீசல் சுழற்சிக்கு இது 65 விழுக்காடு. உண்மைத் திறன்கள் இவற்றினும் மிகக் குறைவே. ஆயினும் ஏற்றத்தாழ்வின் திசை இதுவே.

இரண்டாவது, பெட்ரோல் எஞ்சின் தன் காற்றுக் குழாயில் உள்ள திராட்டில் எனும் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டே மூச்சு விடுகிறது. அந்த மூச்சுத் திணறலுக்கே எரிபொருளில் ஒரு பகுதி வீணாகிறது. டீசலில் பொதுவாக அக்கதவு இல்லை; வேண்டிய அளவு எண்ணெயைப் பீய்ச்சினால் போதும். ஜீப் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அரை பாரத்தில் ஊர்ந்தே கழிக்கிறது. எனவே இந்தச் சேமிப்பு லாரியைவிட ஜீப்புக்கே மிகுதியாகப் பயன்படும்.

மூன்றாவது, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல் ஆற்றல் அடங்கியுள்ளது. டீசல் அடர்த்தி மிக்கது என்பதே காரணம். நாம் எண்ணெயை எடையால் அன்றி லிட்டரால் வாங்குவதால் இதுவும் 'மைலேஜ்' கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

எஞ்சின் மட்டும் மாறினால் போதுமா?

போதாது. மாற்றியவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான்.

பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்கு 4000 சுற்று சுற்றும். டிராக்டர் வகை டீசல் எஞ்சின் 2200 சுற்றிலேயே நின்றுவிடும் என்று கொள்வோம். பழைய ஜீப்பின் அச்சில் உள்ள கிரவுன்–பினியன் விகிதம் 5.38. டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.27 மீட்டர் உருளும். டாப் கியரில் 2200 ஐ 5.38 ஆல் வகுத்தால் சக்கரத்தின் சுற்று 409. வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். மலைப் பாதைக்கு இது நல்லதே. ஆனால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் எஞ்சின் முழு மூச்சில் கதறிக்கொண்டிருக்க, வண்டியோ மாட்டு வண்டியைத் தாண்டியதற்கே மகிழ்ந்துகொண்டிருக்கும்! விகிதத்தை 4.27 ஆகக் குறைத்தால் அதே சுற்றுக்கு 70 கிலோமீட்டர் கிடைக்கும், மைலேஜும் கூடும்.

நான்கு சக்கர இழுவை வண்டிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. விகிதத்தை மாற்றினால் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒன்றுபோல் மாற்ற வேண்டும். பின்னச்சில் மட்டும் மாற்றிவிட்டு முன்னிழுவையைப் போட்டால், முன் சக்கரங்கள் ஒரு வேகமும் பின் சக்கரங்கள் மற்றொரு வேகமும் கேட்டு ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். முறுக்கு ஏறி ஏறி டிரான்ஸ்ஃபர் கியர்ப்பெட்டியோ அச்சோ உடையும். மலைச்சரிவில் இது உயிருக்கே உலை வைக்கும்.

பட்டறையில் நான் கண்ட மற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்:

1. எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடையும்போது சென்டர் சிறிதும் பிசகலாகாது. பிசகினால் கிளட்சும் பேரிங்கும் விரைவில் தேயும்.

2. டீசல் எஞ்சின் எடை மிக்கது. முன் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை வேண்டும். பிரேக்கும் அதற்கேற்ப இருத்தல் வேண்டும்.

3. எஞ்சினுக்கு அடியில் முன்னச்சு மேலும் கீழும் ஆடும். எண்ணெய்ச் சட்டி அதில் இடிக்காமல் இடைவெளி விட வேண்டும்.

4. பெட்ரோல் எஞ்சின் தரும் வெற்றிட இழுவை டீசலில் கிடையாது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிக்குத் தனி வேக்குவம் பம்பு கட்டாயம்.

5. பம்புக்கு மிஞ்சிய டீசலைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய், நல்ல வடிகட்டி, வலுவான பேட்டரி, எஞ்சினை நிறுத்தும் கேபிள், அதிர்வைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் ஆகியனவும் தேவை.

இவற்றுள் ஒன்றை விட்டாலும், மிச்சம் பிடித்த காசு வேறு வழியில் வெளியேறிவிடும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பது பற்றியது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் இது மேலும் கடுமையாயிற்று. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றலாகாது என்பதே அதன் சாரம். எரிபொருள் மாற்றத்திற்குச் சட்டம் விதிக்கும் நிபந்தனைகள் தனியே உள்ளன. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவை வலியுறுத்தியது. ஆகவே கை வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி உண்டா என்று கேட்பதே முதல் வேலை. எஞ்சினை ஏற்றிவிட்டுப் பிறகு கேட்பது முறையன்று.

எங்கள் உறவினர் ஒருவர் ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றே இருக்க, டீசலில் ஓட்டிவந்தார். விபத்து நேர்ந்தபோது காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது. பல ஆண்டுகள் டீசலில் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போயிற்று.

புகையையும் மறத்தலாகாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் வகைப்படுத்தியது. சுரங்கப் புழுதியும் லாரிப் புகையும் ஏற்கெனவே மிகுந்த நம் பகுதியில், தேய்ந்த பழைய எஞ்சின் ஒன்றைக் கூட்டுவது அண்டை வீட்டாருக்கும் செய்யும் தீங்காகும்.

வரவும் செலவும்

2012 மே மாத இறுதியில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ ரூ.77, டீசல் ஏறத்தாழ ரூ.44. அரசின் விலைக் கட்டுப்பாடு டீசலுக்கு 2014 அக்டோபரில் நீங்கியது. 2024 மார்ச் விலைக்குறைப்புக்குப்பின் சென்னையில் பெட்ரோல் ரூ.101ஐயும், டீசல் ரூ.92ஐயும் ஒட்டி நின்றன. பழைய விலை இடைவெளி இன்று இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு 8 கிலோமீட்டரும், டீசல் 12 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். 2024 விலையில் கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் ரூ.12.60, டீசலில் ரூ.7.70; சேமிப்பு ஏறத்தாழ ரூ.5. மாற்றும் செலவு ரூ.1,50,000 என்று வைத்தால், முதலை மீட்க 30,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓடும் வண்டிக்கு இது பதினைந்து மாதம். எங்கள் ஜீப்போ மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. எங்களுக்கு ஐந்து ஆண்டுகள்! பம்பு, நாசில் பராமரிப்பையும் சேர்த்தால் இன்னும் நீளும்.

இக்கணக்கை அப்பாவிடம் காட்டினேன். "அப்படியானால் இருக்கிற எஞ்சினையே சரிபார்ப்போம், தம்பி" என்றார். மாமா கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, வால்வு இடைவெளியும் தீப்பொறி நேரமும் சரிசெய்தார். டயரில் காற்றை அளவாக அடித்தோம். சமதரையில் முன் சக்கரங்களைப் பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் பொருத்தினோம். தொட்டியை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பி அளந்தபோது, 8 ஆக இருந்தது 9 ஆயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.8,400 மிச்சம், எங்கள் வீட்டுக்கு அது சிறு தொகையன்று.

முடிவுரை

டீசல் எஞ்சின் சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. இயற்பியல் அதற்குச் சான்று. ஆனால் மைலேஜ் என்பது எஞ்சினின் குணம் மட்டும் அன்று. கியர், அச்சு, எடை, பாதை, ஓடும் தூரம், சட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்த கணக்கு. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவர், அனுமதியும் கிடைக்குமாயின், மாற்றுவதால் பயன் பெறலாம். அவரும் தொழிற்சாலையிலேயே டீசலாக வந்த ஜீப்பின் விலையை ஒருமுறை விசாரித்தல் நன்று. குறைவாக ஓடுபவர் ஸ்பானரை எடுக்குமுன் பென்சிலை எடுக்கட்டும். நாம் வகுப்பில் கற்கும் சூத்திரங்கள் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியன அல்ல. வீட்டுச் செலவைக் காக்கவும் அவை துணை நிற்கும்.