ஆடவர் மார்பு வீக்கம்

உடற்கூறு பற்றிய இப்பொருள் தமிழாசிரியர் எழுதுதற்கு ஏற்றதோ என அன்பர் சிலர் ஐயுறலாம். மாணவனொருவன் நாணத்தால் விளையாட்டுத் திடலையும் கடல் நீராட்டையும் துறப்பானாயின், அந்நாணத்தின் காரணத்தை ஆராய்தல் ஆசிரியர் கடனேயாம்.

ஆண், பெண் இருபாலார் உடலிலும் ஆண்மை ஓமோனும் பெண்மை ஓமோனும் உள. கட்டிளமைப் பருவத்தில் இவற்றின் சமநிலை சிறிது பிறழ்தலால், ஆண்மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு மார்புக் காம்பின் கீழே சுரப்பித் திசு திரண்டெழும். இது நோயன்று, பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானே அடங்கும்.

இச்சமநிலையின் நுட்பத்துக்கு வரலாறும் சான்று பகரும். பிரித்தானியரின் கிழக்கிந்தியக் கடற்படை நமது துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த 1945ஆம் ஆண்டில், உலகப் போர் முடிவுற்றது. அக்காலத்தில் யப்பானியச் சிறைமுகாம்களிற் பட்டினியால் நலிந்திருந்த கைதிகள் சிலர்க்கு, நல்லுணவு கிடைக்கத் தொடங்கியபின் மார்பு வீங்கியமையை வைத்தியர் கண்டனர். நலிந்த ஈரலும் விதைகளும் மீண்டும் தொழிற்படத் தொடங்குங்கால், கட்டிளமை இரண்டாம் முறை வந்தாற்போன்ற நிலை உண்டாயிற்று என்பது அவர்தம் விளக்கம்.

முதுமை, மதுவாற் கெட்ட ஈரல், சிறுநீரக நோய், தைரொயிட்டுச் சுரப்பியின் மிகைத்தொழில், விதைக்கட்டி என்பனவும் காரணங்களாம். ஸ்பைரோனோலாக்டோன் முதலிய மருந்துகளும், தசை பெருக்க இளைஞர் நாடும் ஸ்டீரொயிட் ஊசிகளும் இதனை விளைக்கும்.

வைத்தியர் முதலில் மார்பைத் தொட்டுப் பார்ப்பார். காம்பின் கீழ் வட்டமாய்த் தட்டுப்படுவது சுரப்பித் திசு. பரந்து மென்மையாயிருப்பது வெறுங் கொழுப்பு. விதைகளையும் சோதித்து, உட்கொள்ளும் மருந்துகளை வினாவி, வேண்டின் இரத்தச் சோதனையும் செய்விப்பார். ஒருபுறத்தே கல்போல் இறுகிய கட்டி, குருதிக் கசிவு, காம்பு உள்வாங்கல் என்பன தோன்றின் தாமதித்தலாகாது. அருமையாயினும் ஆடவர்க்கும் மார்பகப் புற்றுநோய் உண்டு.

வளரும் மாணவர்க்குப் பெரும்பாலும் ஆறுதல்மொழியே மருந்து. பிறர்க்குக் காரணத்தை நீக்குதல் முதற்பணி. தொடக்க நிலையில் வலி மிகின் தமொக்சிபென் சிலர்க்கு உதவும். நெடுநாள் நிலைத்துத் துன்புறுத்துவதைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். விளம்பரத் தைலங்களை நம்பிப் பொருளிழத்தல் வீண்.

தந்தையராய் விளங்கும் பழைய மாணவர்காள்! மைந்தன் மேற்சட்டை கழற்ற மறுப்பானாயின் கடியாது, தனித்திருந்து வினவுங்கள். மாணவர்காள்! தோழனை நகையாதீர், இன்று அவனுக்கு நேர்ந்தது நாளை உங்களுக்கும் நேரலாம். நாணம் வைத்தியரிடம் செல்லும் வழியை அடைத்தல் கூடாது என்பதே நாம் வேண்டுவது.