கீழே இரண்டு சுற்று, மேலே ஒரு சுற்று: கார் இன்ஜினில் ஒரு கணிதப் பாடம்

சதுரங்கப்பட்டினத்தில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் 1997ஆம் ஆண்டு மாருதி 800 கார் ஒன்று உள்ளது. சென்ற ஆண்டு வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அதன் டைமிங் பெல்ட்டை மாற்றினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் இழுவை இல்லை. திருக்கழுக்குன்றம் போகும் வழியில் பாலத்து ஏற்றம் வந்தாலே திணறியது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன், பிளக்குகளை மாற்றினேன். செலவுதான் ஆனது.

கடைசியில் உள்ளூர் மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். அவருடைய மகன் என்னிடம் எட்டாம் வகுப்பு படிக்கிறான். முகப்பு மூடியைக் கழற்றியதும் அவர் சொன்னார்: “ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்காங்க சார்.”

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அந்தப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். புது பெல்ட்டை மாட்டியதும் அவர் ஸ்பானரால் இன்ஜினை மெல்லச் சுற்ற, பையன் தானாகவே “ஒண்ணு… ரெண்டு…” என்று எண்ணினான்.

“ஏன் தம்பி ரெண்டு சுத்து? ஒண்ணு போதாதா?” என்று கேட்டேன்.

“கீழ ரெண்டு சுத்துனாத்தான் சார் மேல ஒண்ணு. ஒரு சுத்துல நிறுத்துனா மேல இருக்குற மார்க் எதிர்ப்பக்கம் நிக்கும்.”

முந்தைய வாரத் தேர்வில் நான் கொடுத்திருந்த கணக்கு இது: 20 பற்கள் கொண்ட சக்கரம் 2 முறை சுற்றினால், அதனுடன் இணைந்த 40 பற்கள் கொண்ட சக்கரம் எத்தனை முறை சுற்றும்? அந்த இடத்தை அவன் வெற்றாக விட்டிருந்தான். நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

அன்று இரவு அந்த விடைத்தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதன் தொடர்ச்சிதான் இந்தப் பாடம்.

பெல்ட் என்ன செய்கிறது?

இன்ஜினின் கீழே இருப்பது கிராங்க் தண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போவதை இது சுழற்சியாக மாற்றுகிறது. மேலே இருப்பது கேம் தண்டு. இது வால்வுகளைத் திறக்கிறது. ஸ்பிரிங் அவற்றை மூடுகிறது. இரண்டையும் பல் வைத்த ரப்பர் பெல்ட் இணைக்கிறது. அம்பாசிடர் காரில் இந்த வேலையைச் சங்கிலி செய்தது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் இன்ஜினில் பெல்ட் செய்கிறது.

உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என நான்கு வீச்சுகள். பிஸ்டன் ஒருமுறை இறங்கி ஏறினால் இரண்டு வீச்சு, கிராங்கிற்கு ஒரு சுற்று. நான்கு வீச்சுக்கு இரண்டு சுற்று. அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரேயொரு முறை திறக்க வேண்டும். ஆகவே கேம் ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அதற்காகவே மேல் சக்கரத்தில் கீழ்ச் சக்கரத்தைப் போல இருமடங்கு பற்கள்.

ஒரு பல் பிசகினால்?

பற்களின் எண்ணிக்கை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கணக்கிற்காகக் கீழே 20, மேலே 40 என்று கொள்வோம். மேலே ஒரு பல் என்பது 360 ÷ 40 = 9 டிகிரி. கேம் 9 டிகிரி திரும்பும்போது கிராங்க் 18 டிகிரி திரும்பும். கீழே ஒரு பல் தள்ளினாலும் 360 ÷ 20 = 18 டிகிரிதான். எந்தச் சக்கரத்தில் தவறினாலும் பிழையின் அளவு ஒன்றே என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

18 டிகிரி பிசகினால் வால்வுகள் உரிய நேரத்திற்கு முன்போ பின்போ திறக்கும். வண்டி ஓடும், இழுக்காது. பிசகு அதிகமானால், பல வகை இன்ஜின்களில் திறந்திருக்கும் வால்வை பிஸ்டன் இடித்து வளைத்துவிடும்.

மெக்கானிக் செய்த முறை

1. பேட்டரி வயரைக் கழற்றினார். இன்ஜின் லேசாகச் சுற்றுவதற்காகப் பிளக்குகளையும் கழற்றினார்.
2. மேல் சக்கரத்தின் புள்ளியை இன்ஜின் தலைப்பகுதியில் உள்ள குறிக்கும், கீழ்ச் சக்கரத்தின் புள்ளியை அதற்குரிய குறிக்கும் நேராக வைத்தார்.
3. டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வின்றி இருக்குமாறு பெல்ட்டை மாட்டினார். தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் விட்டார்.
4. இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்காவது தட்டினால் பலவந்தப்படுத்தாமல் நிறுத்திவிட வேண்டும் என்றார்.
5. இரண்டு புள்ளிகளும் மீண்டும் குறிக்கு நேராக வந்ததைப் பார்த்து டென்ஷனரை முறுக்கினார். இன்னொரு முறை சுற்றிச் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தார்.

மாட்டியவுடன் குறிகள் நேராகத் தெரிவது போதாது. தொய்வான பெல்ட், சுற்றும்போது ஒரு பல் நகர்ந்து உட்காரக்கூடும். அந்தத் தவறு இரண்டு சுற்றுக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையான பொருள்கள்: பழைய அட்டைப் பெட்டி, கத்தரிக்கோல், பசை, குண்டூசிகள், தெர்மாகோல் பலகை, ஸ்கெட்ச் பேனா.

பெட்டி அட்டையின் மேல் தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே நெளிவுகள் தெரியும். அவையே நம் பற்கள். 20 நெளிவுள்ள பட்டை ஒன்று, 40 நெளிவுள்ளது ஒன்று, 70 நெளிவுள்ளது ஒன்று வெட்டுக. முதல் இரண்டையும் நெளிவு வெளியே தெரியும்படி வட்ட அட்டைகளைச் சுற்றி ஒட்ட வேண்டும். வட்டத்தின் விட்டத்தை மாணவர்களே கணக்கிடட்டும்: பட்டையின் நீளம் ÷ 22/7. மூன்றாவது பட்டை நெளிவு உள்ளே இருக்குமாறு வளையமாகிப் பெல்ட் ஆகிறது. சக்கரங்களைப் பலகையில் குத்தி, சக்கரங்களிலும் பெல்ட்டிலும் ஒவ்வொரு புள்ளி இட்டு, பலகையில் அவற்றுக்கு நேராகக் குறி வரைக.

பிறகு மூன்று கேள்விகள்:

1. சிறிய சக்கரம் 1, 2, 3, 4 சுற்று சுற்றும்போது பெரியது எத்தனை சுற்று? அட்டவணையிடுக. (பற்கள் × சுற்றுகள் மாறாதிருப்பதை, 20 × 2 = 40 × 1 என்று அவர்களே எழுதுவார்கள். இதுவே எதிர் விகிதம்.)

2. பெல்ட்டை வேண்டுமென்றே ஒரு பல் தள்ளி மாட்டுக. இரண்டு சுற்றுக்குப் பின் பெரிய சக்கரத்தின் புள்ளி எங்கே நிற்கிறது?

3. பெல்ட்டின் புள்ளியும் சேர்ந்து மூன்றும் மீண்டும் எப்போது பழைய இடத்திற்கு வரும்? (20, 40, 70 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 280. சிறியது 14, பெரியது 7, பெல்ட் 4 சுற்று.)

மூன்றாவது கேள்விக்குப் பட்டறையிலும் பயன் உண்டு. சில பெல்ட்டுகளில் மாட்டுவதற்கு உதவியாகக் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு சுற்றுக்குப் பின் அவை விலகி நிற்பதைக் கண்டு புதிதாகத் தொழில் பழகுபவர் பயந்துவிடுவார். சக்கரப் புள்ளிகள் சரியாக இருந்தால் போதும்.

தொடக்க வகுப்புகளில் இதே மாதிரியை வைத்து 20, 40, 60 எனத் தாவி எண்ணுதலையும், இருமடங்கு, பாதி ஆகியவற்றையும் பழக்கலாம். உண்மையான இன்ஜினில் மாணவர்கள் கை வைக்கக் கூடாது, பார்ப்பதோடு சரி.

பிறகு நடந்தது

எங்கள் வகுப்பில் பெல்ட்டை மாட்டிக் காட்டியவன் அந்தப் பையன்தான். அடுத்த தேர்வில் பற்சக்கரக் கணக்கைச் சரியாக எழுதினான். வேலையாட்களும் நாட்களும் பற்றிய கணக்கில் தவறினான். ஆனால் இந்த முறை இடம் வெற்றாக இல்லை. ஓரத்தில் இரண்டு சக்கரங்கள் வரைந்து, ஒன்றில் ஆட்கள், மற்றதில் நாட்கள் என்று எழுதியிருந்தான். பெருக்கலில்தான் பிழை.

அந்த வழிமுறைக்கு மதிப்பெண் கொடுத்தேன். இப்போது புதிய அலகு தொடங்கும் முன், “உங்கள் வீட்டில், தெருவில் இதை யார் செய்கிறார்கள்?” என்று கேட்டு, பதில்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். சென்ற வாரம் வலை பின்னுபவர், தையல்காரர், ஐஸ் உடைப்பவர் என மூன்று பெயர்கள் வந்தன. கணக்குகளை அவற்றிலிருந்தே அமைத்து வருகிறேன்.