ஆம்பூரிலிருந்து கொல்கத்தாவுக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ரயிலில் போனால் கடற்கரையை ஒட்டி 1,660 கிலோமீட்டர். வானில் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்துவிடுவதால் சுமார் 1,385தான். ஆனால் கொல்கத்தாவின் பந்தாலா லெதர் காம்ப்ளக்ஸில் பார்ட்டியைப் பார்க்க ஆம்பூரிலிருந்து கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது. வீட்டு வாசலிலிருந்து எண்ண வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் காரில் மூன்றரை மணி. விமானத்துக்கு முன்னால் இரண்டு மணி. இறங்கிப் பெட்டி எடுக்க முக்கால் மணி. டம்டம் விமான நிலையத்திலிருந்து பந்தாலாவுக்கு ஒரு மணி. மொத்தம் ஒன்பதரை மணி நேரம். அன்றைக்கே பேரம் பேசி முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலைக்கு நேரம் வாங்குங்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே காலைப் பனிமூட்டத்தில் விமானங்கள் தாமதமாகும் என்பதால் இது இன்னும் அவசியம்.

ரோட்டில் பள்ளிகொண்டா, வாலாஜா டோல்கேட் எல்லாம் தொந்தரவில்லை. ஸ்ரீபெரும்புதூர்தான் சோதனை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடும். மதிய விமானம் என்றால் நான் ஏலகிரி எக்ஸ்பிரஸையே சொல்வேன். விடியற்காலையில் ஆம்பூரில் ஏறினால் ஒன்பது மணிவாக்கில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ நீல வழித்தடம் மாறாமல் ஏர்போர்ட்டுக்கே போகிறது. பெங்களூரும் நமக்குப் பக்கம்தானே என்பார்கள். ஊர் பக்கம்தான், விமான நிலையம் ஊரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில்.

சாம்பிள் தோலை மடித்துப் பெட்டியில் திணிக்காதீர்கள். மேல்பக்கமான பூப்பக்கம் வெளியே தெரிய, அட்டைக் குழாயின் மேல் தளர்வாகச் சுருட்டி, மெல்லிய தாள் சுற்றி எடுத்துப் போங்கள். மடிப்புத் தடம் விழுந்த தோலை வாங்குபவர் விரலால் தேய்த்துப் பார்ப்பார். பிறகு நிறத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். வெட்டும் கத்தி கேபின் பையில் கூடாது.

இந்தத் தூரம் எங்களைவிட அதிகமாக அழுத்துவது எதிர்த்திசையில் வருகிறவர்களைத்தான். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி வங்காளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வேலூருக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றிய லாட்ஜ்களில் வங்காளி எழுத்தில் போர்டு இருக்கும். எங்களிடம் தோல் வாங்கும் ஒருவர் தன் அப்பாவை முதுகுத்தண்டு சிகிச்சைக்கு அழைத்துவர விமானம்தானே வேகம் என்று கேட்டார். அப்பாவால் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் என்றார்.

அப்படியானால் ரயில்தான். ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் கீழ் பெர்த்தில் படுத்தே வரலாம், காட்பாடியிலிருந்து ஆஸ்பத்திரி ஆட்டோ தூரம். விமானத்தில் வந்தால் உட்கார்ந்தபடியே இரண்டேகால் மணி, அதன்பின் காரில் மூன்று மணி. வலியோடு இருப்பவருக்கு அது கொடுமை. உட்கார முடிந்தவர்கள் தாராளமாக விமானத்தில் வரலாம். சக்கர நாற்காலி தேவை என்று டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள். எதில் வந்தாலும் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் தேதி தெரிந்தபின், எத்தனை மணி நேரம் உட்காரலாம் என்று டாக்டரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள்.